ஜோகுபாளையத்தில் ஒரு குழாய்

பெங்களூருக்குச் செல்லும் அன்பர்கள் பெரும்பாலும் லால்பாக்கையும் விதான சௌதாவையும் கண்டு திரும்புவர். சென்ற திங்கள் யான் கண்டு வந்ததோ ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர்க் குழாய். அதனை எழுதுவதற்கு எனக்கு நாணமில்லை.

ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அவ்விடத்திற்கு நடந்தே செல்லலாம். குறுகிய தெருக்கள், காதில் தமிழும் கன்னடமும் கலந்தே விழும். 1809-இல் ஆங்கிலேயர் இப்பக்கம் படைப்பாளையம் அமைத்த காலந்தொட்டு, பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரைச் சுற்றி வேரூன்றியிருக்கின்றன. என் தமக்கையாரும் அங்கேதான் குடியிருக்கிறார்.

அவர் வீட்டிற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரி வருகிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய் வழியே, இடையில் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் மீண்டும் உந்தப்பெற்று, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது அந்நீர். 1974 முதல் நகரம் இவ்வாறு பருகி வருகிறது. அத்துணை தொலைவு ஏறி வந்த நீர், என் தமக்கையார் வாயிற்படியருகே மீட்டர்க் குழியில் ஓர் இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது! இணைப்பின்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"குழியில் தேங்குவதை மொண்டு செடிக்குத்தானே ஊற்றுகிறேன்? வீணாகவில்லையே, தம்பி" என்றார்.

அழைத்து வந்த குழாய்க்காரப் பெரியவர் குழியை எட்டிப் பார்த்தார். பக்கத்துச் சாக்கடையின் ஈரமும் அதில் ஊறியிருந்தது. "வெளியே போகிற தண்ணீருக்கு நான் கவலைப்படவில்லையம்மா. உள்ளே வருகிற தண்ணீருக்குத்தான்" என்றார் அவர். வரத்து நின்றதும் குழாய் வெறுமையாகி உறிஞ்சத் தொடங்கும். கசிந்த வழியே குழிநீர் உட்புகும். மறுமுறை வரும் நீர் அதனை சம்புத் தொட்டிக்குத் தள்ளிவிடும். தமக்கையார் வாய் திறக்கவில்லை. பேரக் குழந்தைக்கு அவ்வாண்டில் இருமுறை வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. காரணம் இதுவே என்று யார் துணிந்து சொல்வது?

நீர் நின்ற பிறகு பெரியவர் வேலையைத் தொடங்கினார். துருவேறி மரை தேய்ந்த இரும்புத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்டினார். முன்னாளில் சணலும் ஈயவெள்ளையும் வைத்து முடுக்குவார்களாம். ஈயம் நஞ்சென்பதால் குடிநீர்க் குழாய்க்கு இப்போது டெஃப்லான் நாடாதான். அதை வலஞ்சுழியாக, மரை முடுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போது நாடா சுருண்டு பிதுங்கிவிடும். முதலில் கையால் திருகி, பின்பே ரெஞ்சைத் தொட்டார். அளவுக்கு மேல் முடுக்கினால் பித்தளை வெடிக்குமாம். சம்பை இறைத்துக் கழுவும் பணி என் தலையில் விழுந்தது. முதுகு இன்னும் வலிக்கிறது.

ஆயினும் நீர் வந்தாலன்றி வேலையின் தரம் விளங்காதே! பயணத்தை இரு நாள் தள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை குழாய் சீறியது. இணைப்பைச் சுற்றிப் பெரியவர் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தினார். அரைமணி கழித்துத் தமக்கையாரே குனிந்து அத்தாளை எடுத்து, இருபுறமும் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.