விட்டுவிடும் காந்தம்

மூன்று மாதமாக ஆக்ஸ்ஃபோர்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் வேட்டியோடு ஒரு காருக்கு அடியில் படுத்திருந்த என் படத்தை மருமகள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். ஆளாளுக்கு விசாரிப்பதால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1972-ஆம் வருடத்து எம்.ஜி.பி. இருக்கிறது. கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்திலுள்ள ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றவில்லை. அவருக்கோ முழங்கால் மடங்காது. கீழே படுத்துப் பார்க்க முடியாதவனுக்கு இந்த வண்டி எதற்கு, விற்றுவிடுகிறேன் என்றார்.

அந்த ‘டக்’ சோலினாய்டின் சத்தம். நம் புத்தகத்தில் வரிச்சுருள் என்று படித்தோமே, அதுதான். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். சாவிக்குப் போகும் மெல்லிய கம்பி தாங்காது. அதனால் சிறு மின்சாரம் சுருளுக்குப் போகிறது, சுருள் இரும்புத் தண்டை இழுக்கிறது, தண்டு தடித்த முனைகள் இரண்டையும் இணைக்கிறது.

பெரியவர் முன்பு 1965 மாடல் வைத்திருந்தாராம். அதில் பானெட்டைத் திறந்தாலே வலது பக்கத் தகட்டில் சோலினாய்டு கைக்கு எட்டும். ரப்பர் மூடிய பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் எஞ்சின் சுற்றும். பிறகு வந்த கார்களில் அதைக் கீழே ஸ்டார்ட்டரின் முதுகிலேயே கட்டிவிட்டார்கள். மேலிருந்து கைவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் ஃபில்டரும் மறிக்கின்றன. எந்த முட்டாள் யோசனை இது என்று திட்டினார். நானும் தலையாட்டினேன்.

ராத்திரி மகன் காகிதத்தில் வரைந்து காட்டிய பிறகுதான் புரிந்தது. பழைய வகையில் மோட்டார் சுற்றிய வேகத்தில் சின்னப் பற்சக்கரம் ஓடிப்போய் ஃபிளைவீல் பல்லில் இடிக்கும், பல் தேயும். புதியதில் சோலினாய்டே ஒரு நெம்புகோலால் பற்சக்கரத்தை முதலில் கோத்துவிட்டு, அப்புறம்தான் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. இரண்டு வேலை. மோட்டாரின் மேல் உட்காராமல் அதைச் செய்ய முடியாது. யோசனை சரி, எங்கள் முதுகுக்குத்தான் தண்டனை.

மறுநாள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரியை முதலில் கழற்றினோம். அங்கிருந்து சோலினாய்டுக்கு வரும் தடித்த கேபிளில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, மகன் தடுத்தும் கேட்காமல் நானே நுழைந்தேன். கேபிள் நட்டு தளர்ந்து பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. விற்பது பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இனி எழுத வந்த விஷயம். எட்டாம் வகுப்பில் ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசியைத் தூக்கிக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், கரண்டை நிறுத்துனா ஊசியை விட்டுடுதே, அப்புறம் இது என்ன காந்தம்?” என்றான். வகுப்பே சிரித்தது. பரீட்சைக்கு வராது, உட்காரு என்று அதட்டினேன். அப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் கேள்வியே கேட்கவில்லை.

தம்பி, அது விட்டுவிடத்தான் வேண்டும். எஞ்சின் பிடித்ததும் சாவியை விடுகிறோம், காந்தம் போகிறது, ஸ்பிரிங் தண்டைத் தள்ளிப் பற்சக்கரத்தை விலக்குகிறது. விடாமல் பிடித்திருந்தால் ஓடும் எஞ்சின் அந்தச் சின்ன மோட்டாரைச் சுழற்றியே உடைத்துவிடும். அன்று எனக்கு இது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நீ இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. பெயர் எனக்கு நினைவிருக்கிறது.