கையைப் பிடித்து இழுத்த வெயிட்டர்... சியோல் நைட் கிளப்பில் ஒரு மேல்சித்தாமூர் பெண்!

செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் மேல்சித்தாமூரை எட்டிப் பார்ப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஊர். ஆனால், தமிழ்ச் சமணர்களுக்கு அதுதான் தலைமையிடம். ஜினகாஞ்சி மடம் இருப்பது இங்கேதான். பார்சுவநாதர் கோயிலின் ராஜகோபுரம், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கும் மல்லிநாதர் கோயில் என, பார்ப்பதற்கு நிறையவே இருக்கின்றன.

இந்த ஊரின் சமணக் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. அசைவம், மது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண், மூன்று வருடங்களாகத் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். வயது 27. பெயர் வேண்டாம் என்கிறார். அவர் தப்பாக எதையும் செய்துவிடவில்லை. ஆனாலும், ‘நைட் கிளப்’ என்ற வார்த்தையே ஊரில் போதும், நாலு வீடு தாண்டுவதற்குள் அது வேறு கதையாகிவிடும்.

இந்தியாவைவிடக் கொரியா மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மேல்சித்தாமூரில் அம்மா மாலை 6 மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சியோலில் இரவு 9.30. கிளப் வாசலில் வரிசை கட்டத் தொடங்கும் நேரம்!

அந்த இரவில் என்ன நடந்தது?

ஆய்வகத்தில் அவருக்கு நெருக்கமான கொரியத் தோழிக்குப் பிறந்தநாள். வயதில் மூத்தவர் என்பதால் ‘ஒன்னி’ என்று கூப்பிடுவார். கொரிய மொழியில் ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடும் சொல் அது. ஒன்னியோடு நான்கு பெண்கள் கிளம்பினார்கள். அதில் ஒருவர் பிரேசில், ஒருவர் வியட்நாம்.

வாசலில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். உள்ளே மேசை போட்டுக் கொடுத்தார்கள். தட்டு நிறைய பழங்கள் வந்தன. கூடவே காய்ந்த கணவாய் மீனும் வந்தது. ‘பழம் நமக்கு, மீன் அவங்களுக்கு’ என்று சிரித்துக்கொண்டே ஆரஞ்சு ஜூஸ் சொன்னார் மேல்சித்தாமூர் பெண்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கோட் போட்ட வெயிட்டர் ஒருவர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. பிரேசில் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, கூட்டத்துக்குள் இழுத்துப்போகத் தொடங்கினார். அந்தப் பெண் கத்தினார், கையை உதறினார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் இன்னொரு வெயிட்டர் மேல்சித்தாமூர் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டார்.

“வேண்டாம், வேண்டாம்” என்று முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியில் கொரிய மொழியில் சொன்னார். வெயிட்டர் சிரித்தார். பிடியை விடவில்லை.

ஒன்னி ஓடிவந்து இரண்டு வார்த்தை பேசியதும் அவர்கள் கும்பிடு போட்டு விலகிக்கொண்டார்கள். அதற்குள் இவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. கடத்திக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்திருக்கிறார்.

இதற்குப் பெயர் ‘புக்கிங்’

அறைக்குத் திரும்பிய பிறகு ஒன்னி பொறுமையாக விளக்கினார். கொரியாவில் ‘கிளப்’ வேறு, ‘நைட்’ வேறு. ஹொங்தே பகுதியில் மாணவர்கள் நடனமாடப் போகும் இடங்கள் கிளப். ‘நைட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பழைய பாணி நைட் கிளப்புகளில் நடனம் இரண்டாம்பட்சம். அங்கே முக்கியமான விஷயம் ‘புக்கிங்’.

ஆண்கள் மேசை எடுப்பார்கள். காசு அதிகம் உள்ளவர்கள் தனி அறை எடுப்பார்கள். மதுவுக்கும் பழத்தட்டுக்கும் பெரிய தொகையைக் கட்டுவது அவர்கள்தான். பெண்களுக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். பெண்களை ஆண்களின் மேசைக்கு அழைத்துப்போய் உட்கார வைப்பது வெயிட்டரின் வேலை. சில நிமிடம் பேசலாம். பிடித்தால் போன் நம்பர் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். அடுத்த வெயிட்டர் அடுத்த மேசைக்குக் கூப்பிடுவார். நல்ல ஜோடியைச் சேர்த்து வைத்தால் வெயிட்டருக்கு டிப்ஸ் உண்டு. ஒவ்வொரு வெயிட்டருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும். வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைச் சொல்லி, ‘அவரை வரச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள்.

வாசலில் காசு வாங்காமல் உள்ளே விட்டதற்கான காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆண்கள் கட்டும் பணமே, பெண்கள் தங்கள் மேசைக்கு வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

இது கொரியாவில் மட்டும் நடக்கும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் ‘அய்சேகியா’ என்ற உணவகங்கள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஆண்களையும் பெண்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். பெண்களுக்குச் சாப்பாடு இலவசம். ஆண்கள் உட்காரும் நேரத்துக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். நம் பெருநகர பப்களில் ‘லேடீஸ் நைட்’ அன்று பெண்களுக்கு இலவசம், தனியாக வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

நடுவில் ஒருவர் வேண்டும்!

கொரியாவில் முன்பின் தெரியாத பெண்ணிடம் நேராகப் போய்ப் பேசுவது பலருக்கும் கூச்சமான விஷயம். யாராவது ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். அதற்காகவே அங்கே பல ஏற்பாடுகள். நண்பர் ஒருவர் இருவரைச் சந்திக்க வைத்தால் அது ‘சோகேத்திங்’. கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் குழுவாகச் சந்தித்தால் ‘மித்திங்’. கல்யாணத்தை மனதில் வைத்துக் குடும்பமோ தரகரோ ஏற்பாடு செய்தால் ‘மாத்சொன்’. நம் ஊர் பெண் பார்க்கும் படலத்துக்கு உறவுக்காரர் இது.

கொரியாவின் இரவு வாழ்க்கைக்கே வயது குறைவு. 1945-ல் வந்த நள்ளிரவு ஊரடங்கு 1982 ஜனவரி 5-ம் தேதிதான் பெரும்பாலான பகுதிகளில் விலக்கப்பட்டது. அதுவரை நள்ளிரவுக்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஒன்னியின் பெற்றோர் அந்த ஊரடங்கில் வளர்ந்தவர்கள். அதற்குப் பிறகுதான் விடிய விடிய விளக்கெரியும் சியோல் உருவானது. கூச்சம் விலகாத சமூகமும் விடிய விடியத் திறந்திருக்கும் கிளப்பும் சந்தித்த இடத்தில், வெயிட்டர் தரகர் ஆனார்.

இப்போது செல்போன் செயலிகள் வந்துவிட்டன. மேசைக்கு மேசை பேசிப் பழகும் ‘ஹன்டிங் போச்சா’ மதுக்கடைகளும் இளைஞர்களை இழுக்கின்றன. ஆனாலும் புக்கிங் முற்றாகப் போய்விடவில்லை.

“எங்களுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி. ஒரே ராத்திரியில பத்து மேசைக்குப் போயிட்டு, யாருக்கும் நம்பர் குடுக்காம சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்கேன்” என்றார் ஒன்னி. விதிமுறை தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டுதான். சிக்கல், தெரியாமல் உள்ளே நுழைகிறவர்களுக்கு.

பாசாங்கான ‘வேண்டாம்’, நிஜமான ‘வேண்டாம்’

ஒன்னி கடைசியாகச் சொன்ன ஒரு விஷயம்தான் இவரைத் தூங்கவிடவில்லை. வெயிட்டர் கூப்பிட்டதும் எழுந்து போனால் ‘எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள்’ என்று ஆகிவிடும். அதனால் பல பெண்கள் முதலில் மறுப்பதுபோல் கொஞ்சம் பின்வாங்குவார்கள். வெயிட்டர் கையைப் பிடித்து இழுப்பார். ‘நானாகப் போகவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள்’ என்ற கௌரவம் மிஞ்சும். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த நாடகம்.

அந்த நாடகம் தெரியாத பிரேசில் பெண்ணோ வியட்நாம் பெண்ணோ நிஜமாகவே மறுத்தால், வெயிட்டருக்கு அதுவும் நாடகமாகத்தான் தெரிகிறது. அவர் சிரித்ததற்குக் காரணம் அதுதான். கொரியப் பெண் ஒருத்திக்கே ஒருநாள் நிஜமாகப் பிடிக்காமல் போனால், அதை எந்த வார்த்தையில் சொல்வாள்? ‘வேண்டாம்’ என்ற வார்த்தையைத்தான் ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டாயிற்றே.

பயத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சியோலின் கங்னம் பகுதியில் இருந்த ‘பர்னிங் சன்’ கிளப் விவகாரம் 2019-ல் கொரியாவையே உலுக்கியது. பெண்களுக்குத் தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்து, போலீஸ் விசாரணை நடந்து, அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த கிளப் மூடப்பட்டது. அது பழைய பாணி புக்கிங் நைட் அல்ல. ஆனாலும், பணம் கட்டும் ஆண்களின் மேசைக்குப் பெண்களைக் கொண்டுவந்து சேர்ப்பதே தொழிலாகிவிட்டால் எங்கே போய் முடியலாம் என்பதை அது காட்டியது.

அதற்குப் பிறகு, ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவிகளிடம் இவர் சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறார். போகும் முன் அது கிளப்பா, நைட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். மேசையில் உட்கார்ந்துவிட்டதால் எந்தக் கடனும் ஏற்பட்டுவிடாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். விட்டுவிட்டுப் போன கோப்பையைத் திரும்ப எடுத்துக் குடிக்காதீர்கள். ‘ஹாஜி மாசேயோ’ என்றால் ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று அர்த்தம். சிரிக்காமல், உரக்கச் சொல்லுங்கள். போலீஸுக்கு 112. பெண்களுக்கான அவசர உதவி எண் 1366. கொரியாவில் வாழும் வெளிநாட்டுப் பெண்களுக்குப் பல மொழிகளில் உதவும் எண் 1577-1366.

மேல்சித்தாமூரில் ஒரு சாயங்காலம்

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வரன் ஒன்று தயாராக இருந்தது. தமிழ்ச் சமணர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் சுற்றிச் சுற்றிச் சொந்தம்தான். நல்ல வரனைத் தட்டிக்கழித்தால் அடுத்தது எப்போது அமையும் என்ற கவலை அம்மாவுக்கு. பையன் பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது.

இவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் ஒருதடவை அவர்கிட்ட பேசிடறேம்மா.” வீடியோ காலில் இருபது நிமிடம் பேசினார்கள். பையன் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், கல்யாணத்துக்குப் பிறகு ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு பாக்கி.

அன்று சாயங்காலம், சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, “வேணாம்மா” என்றார்.

“யோசிச்சு சொல்லு பாப்பா” என்றார் அம்மா.

“யோசிச்சுட்டேன். வேணாம்.”

பக்கத்தில் இருந்த அத்தை சிரித்தார். “பொண்ணுங்க எல்லாம் முதல்ல அப்படித்தான் சொல்லும். வெட்கப்படுது. நீ அவங்கள வரச் சொல்லு அண்ணி.”

அந்தச் சிரிப்பை இவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். கோட் போட்ட வெயிட்டரின் முகத்தில்.

அத்தை கெட்டவர் இல்லை. இவர் வெளிநாடு போக வீட்டில் தயங்கியபோது, ‘அனுப்பு’ என்று முதலில் சொன்னதே அவர்தான். அவர் காலத்தில் பெண்ணை யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் மௌனம் சம்மதம். ‘வேண்டாம்’ என்று சொன்னால் வெட்கம். அப்படியென்றால் மறுப்பதற்கு எது மிச்சம்?

“வெட்கம் இல்ல அத்தை. வெட்கப்பட்டா உங்ககிட்டயே சொல்வேன். நிஜமாவே வேணாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வரனை மறுக்க நம் வீடுகளில் ஒரு வழி உண்டு. ‘ஜாதகம் சரியா வரலைங்க’ என்று சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது. பெண்ணின் விருப்பம் என்ற பேச்சே எழாது. ‘அப்படியே சொல்லிடலாம்’ என்றுதான் அத்தையும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இவர் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நலம் விசாரித்தார் அப்பா. மழை, விளைச்சல் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“ஜாதகம் எல்லாம் பொருந்துதுங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சுங்க.”