ஏழு விநாடி டிரம்ஸ்

ஜங்கிள் என்று ஒரு இசை இருக்கிறது மக்களே. 1990களின் தொடக்கத்தில் லண்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்களும் சேர்ந்து கிளப்பிவிட்டது. லைசென்ஸ் இல்லாத திருட்டு ரேடியோக்களில் சக்கைப்போடு போட்டது. இங்கே புனேயில் என் அறைத்தோழன் முதன்முதலில் ஹெட்போனை மாட்டிவிட்டபோது, யாரோ எவர்சில்வர் பாத்திரக்கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது. இப்போது அது இல்லாமல் எனக்கு ராத்திரி வேலை ஓடுவதில்லை :-)

பல பாட்டுகளில் ஆரம்பத்தில் டிரம்ஸே இருக்காது. மெல்லிசாக ஒரு சிந்தசைசர் இழுவை. நடுவில் ஏதோ சினிமாவிலிருந்து ஒரு குரல் பேசும். அப்புறம் இறங்கும் பாருங்கள் டிரம்ஸ்...

1992-ல் கோல்டி போட்ட 'டெர்மினேட்டர்' நல்ல உதாரணம். அதே பெயருள்ள படத்தில் சாரா கானர் பேசுவதை வெட்டி ஒட்டியிருக்கிறார். தான் இன்னும் செய்யாத காரியங்களை ஒருவன் நடந்து முடிந்ததுபோலச் சொல்கிறானே என்று அவள் குழம்புகிற இடம். டிரம்ஸும் அதே குழப்பத்தில்தான் இருக்கும்: வேகம் மாறாது, சுருதி மட்டும் மேலே மேலே ஏறும். 1995-ல் டில்லின்ஜா 'தி ஏஞ்சல்ஸ் ஃபெல்' பாட்டுக்கு 'பிளேட் ரன்னர்' படத்திலிருந்து வசனம் எடுத்தார். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசனம் கேட்டே மனப்பாடம் செய்த நமக்கு இந்த ருசி புரியாதா என்ன? நாம் முழுசாகக் கேட்டோம், இவர்கள் ஒரே ஒரு வரியை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வசனத்தைக் கேட்டதும் ரசிகர்கள் படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். டிரம்ஸ் யாருடையது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் 'த வின்ஸ்டன்ஸ்' குழு 1969-ல் 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்தியப் பாட்டு. அதில் கிரிகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிப்பது சுமார் ஏழு விநாடி. லண்டன் பையன்கள் அதை சாம்ப்ளரில் ஏற்றி, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக நறுக்கி, வரிசையை மாற்றி, நிமிடத்துக்கு 160 அடிக்கும் மேலாக முடுக்கினார்கள். ஜங்கிளின் முதுகெலும்பே அதுதான். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த மனுஷனின் கை இருக்கிறது.

கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாமல் இறந்துபோனார். ஒரு பைசா வரவில்லை. தன் வாசிப்புக்கு இவ்வளவு மவுசு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது என்று குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் சொல்லியிருக்கிறார். ஸ்பென்சருக்கே 1996-ல்தான் சேதி எட்டியது. வழக்குப் போடும் கெடு தாண்டிவிட்டது. 2015-ல் இங்கிலாந்தில் இரண்டு பேர் இணையத்தில் உண்டியல் வைத்து 24,000 பவுண்டு திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். 2020-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

வெட்டி ஒட்டியதை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். அப்படி நறுக்கி அடுக்குவதற்கும் பெரிய கைவேலை வேண்டும். ஆனால் உண்டியலை 1992-லேயே வைத்திருக்கலாம், கோல்மன் அப்போது உயிரோடு இருந்தார்.

அசல் பாட்டு இணையத்தில் கிடைக்கிறது. ஒன்றரை நிமிடம் ஆவதற்குச் சற்று முன்னால் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். அங்கேதான் அவர்.