மனத்துக்கும் ஒரு குலுக்கை

கயத்தாற்றைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களின் பழைய வீடுகளில் குலுக்கை என்றொரு பொருள் இருந்தது. இக்காலப் பிள்ளைகளில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆளுயரத்துக்கு மண்ணால் செய்த தானியக் கூடு அது. மேல்வாய் வழியே கம்பையோ சோளத்தையோ கொட்டி மூடிவிடுவார்கள். அடியிலுள்ள சிறு துளையைத் திறந்து அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எங்களுடையது வானம் பார்த்த பூமி. ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துவிட்டால் அடுத்த மழைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆதலால் விளைந்த காலத்தில் சேர்த்து வைப்பதை இங்கே எவரும் சிக்கனம் என்று சொன்னதில்லை. பிழைத்திருப்பதற்கு அதுவே வழி.

அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞரைப் பற்றிப் படித்தபோது இந்தக் குலுக்கை என் நினைவுக்கு வந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியைச் சேர்ந்தவர், கி.பி. 934-ல் மறைந்தவர். உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். துயரத்தை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமலே வந்து கவிந்துகொள்வது மற்றொன்று. பின்னதற்கு உடலின் நிலையிலேயே மூலம் இருக்கும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கருதியிருக்கிறார். மேலும் ஒன்று சொல்கிறார்: திடீர் நோய்க்கென்று மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, கலக்கம் வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

அப்பெரியாரின் கருத்தில் முக்கால் பங்கை நான் ஏற்கிறேன். கால் பங்கில் எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயம் சொந்த அனுபவத்தில் விளைந்தது.

என் துணைவியார் மறைந்தபின் ஓராண்டுக் காலம் மௌத்துக்குக் காரணம் கேட்காமல் பொறுமையாகவே இருந்தேன். துயரம் இருந்தது; அதற்குப் பெயரும் இருந்தது. இரண்டாம் ஆண்டில்தான் வேறொன்று தொடங்கியது. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதில், எந்த நினைவும் தூண்டாமல், மனம் ஈரக் கரிசலைப் போலக் கனத்துவிடும். எல்லா நாளும் அன்று, சில நாட்கள். அந்நாட்களில் நல்ல எண்ணங்களைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அகப்பட்டாலும் அவை பிறர் வீட்டுப் பொருளைப் போல அந்நியமாகத் தோன்றும். எண்ணம் நம் சொல் கேளாத நாளில் கையும் காலும் மட்டும் கேட்கின்றன என்பதை அப்போது கண்டுகொண்டேன். ஆகவே என் குலுக்கையில் எண்ணங்களை விடுத்து வேலைகளைச் சேர்த்தேன். மனம் தெளிவாக இருந்த ஒரு காலைப் பொழுதில், பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எழுதி வைத்தேன்.

முதல் வரி, நடை. அஸர் தொழுகை முடிந்ததும், 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதன் நினைவிடத்தைக் கடந்து, ஊருக்கு வெளியே காற்றாலைகள் தெரியும் வரை செல்வேன். துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-ல் எழுப்பிய மருத்துவமனையில், மனம் நொந்தோருக்கு இசையும் நீரோசையும் நறுமணமும் மருந்தாக அளிக்கப்பட்டன. எங்கள் ஊரில் நீரூற்றுக்கு எங்கே போவது? காற்று இருக்கிறது. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து வரும் மேல்காற்று, எதிரே நடப்பவரின் வேட்டியைப் பிடித்து இழுக்கும். காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையமே கயத்தாற்றில் இருக்கிறதென்றால் அக்காற்றின் வலிமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதை எதிர்த்து அரை மணி நேரம் நடப்பவருக்குத் தன்னைப் பற்றி எண்ண அவகாசம் கிடைப்பதில்லை. (மழை பெய்த மறுநாள் மட்டும் காட்டுக்குள் இறங்கக் கூடாது. செருப்போடு பூமியும் கூடவே வரும்.)

இரண்டாவது, கடிதம். கோவில்பட்டிச் சாலையிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-ஆம் ஆண்டு பிறந்த இரு நண்பர்களைத் தமிழுலகம் அறியும்: கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். முன்னவர் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றார். பின்னவர் கரிசலிலேயே தங்கினார். நட்பைக் கடிதங்களே தாங்கின. அழகிரிசாமி 1970-ல் மறைந்தார்; அவர் நண்பருக்கு எழுதியவை பிற்காலத்தில் நூலாக வந்தன. கி.ரா. 2021-ல் மறையும் வரை கடிதத்தை ஓர் இலக்கியமாகவே மதித்தவர். அவர்களைப் போல எழுத எனக்கு வராது. என் கடிதங்கள், தூத்துக்குடியிலும் மேலப்பாளையத்திலும் உள்ள இரு பழைய நண்பர்களுக்கு, பருத்தி விலையையும் மூட்டுவலியையும் பற்றியவை. ஆயினும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: கனத்த நாளில் எழுதும் கடிதத்தில் என் கனத்தைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. அவருடைய பேரன் தேர்வு எழுதினானா, கண் அறுவை என்னவாயிற்று என்று கேட்பேன். இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது என்னைப் பற்றிச் சொல்ல நினைத்தது பாதியாகக் குறைந்திருக்கும். கைப்பேசியில் பேசலாமே என்பார்கள் பிள்ளைகள். பேசலாம். பேச்சில் பெருமூச்சு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

எல்லாருக்கும் சாலையில் காற்று வாங்க வாய்ப்பதில்லை. என் தமக்கையார் வீட்டை விட்டு அதிகம் வெளிவராதவர். மனம் சரியில்லாத நாளில் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பார். எதற்கு இந்த வயதில் என்று ஒருமுறை கேட்டேன். "மனசு வெளுக்காட்டாலும் அண்டாவாவது வெளுக்கும்லா, தம்பி" என்றார்.

அவருடைய சொல்லில் ஓர் அளவறிவு இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் குடும்பத்தில் மௌத்து நேர்ந்து, வந்த பெண்கள் கலைந்து சென்றபின், தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைச் சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துயரில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவிப்பு வந்துள்ளது. ஒரு பகுதியை என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். கஞ்சி துயரை அடியோடு நீக்கும் என்று அங்கே சொல்லப்படவில்லை. எங்கள் பக்கம் வாற்கோதுமை அரிது. கம்பங்கஞ்சியும் மோரும் அந்த ஒரு பகுதிக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

அடியோடு நீங்காத கனமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுமானால், நடையும் கடிதமும் அண்டாவும் போதா. நம் குடும்பங்களில் இதை மறைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. பெண் கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்ற அச்சம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் மாண்டனர். துஆ ஒருபுறம் இருக்க, மருத்துவரிடமும் போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அந்த எண்ணையும் என் நோட்டில் எழுதியிருக்கிறேன். எனக்காகவும், கேட்டு வருபவர்க்காகவும்.

அப்பக்கத்தில் இப்போது பதினொரு வரிகள் உள்ளன. சுகமில்லாதவர் ஒருவரைப் போய்ப் பார்ப்பது, கிணற்றடி வேம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று போகின்றன. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி அதை எடுத்துப் படித்துவிட்டு, யாரையும் கேளாமல் கடைசியில் தன் கையெழுத்தில் 'கோவில்பட்டிக் கடலைமிட்டாய்' என்று சேர்த்திருக்கிறாள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எனக்கோ சர்க்கரை நோய். இருந்தாலும் அந்த வரியை நான் அடிக்கவில்லை.