தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு ராணி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படிப்பு முடிஞ்சது, வேலை கிடைச்சது, ஊர் மாறியாச்சு. இவ்வளவு நடந்திருக்க, எழுத வந்திருப்பது ஒரு எறும்பைப் பத்தி. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கலாம்.

2024 ஜூன். ஒஹாயோவில் கொலம்பஸ். மதியம் மழை பெய்து விட்டு, சாயங்காலம் நம்ம ஊர் மாதிரியே புழுங்கிக்கொண்டிருந்தது. லேபிலிருந்து நடந்து வரும்போது நடைபாதையில் ஒரு கட்டெறும்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நம்ம கட்டெறும்பே இல்லை, அதோட ஒன்றுவிட்ட அக்கா. நம்ம ஊர்ல இருப்பது கேம்போனோட்டஸ் கம்ப்ரஸஸ். இதுவும் அதே கேம்போனோட்டஸ் குடும்பம்தான். இங்கே தச்சன் எறும்பு என்பார்கள். மரத்தைக் குடைந்து வீடு கட்டும், ஆனா மரத்தைத் தின்னாது. குடைந்த தூளை வெளியே கொண்டுவந்து கொட்டிவிடும். இங்கே வீடே மரம் என்பதால் இதைக் கண்டாலே மருந்தடிக்கிறவனுக்குப் போன் போடுவார்கள்.

பூச்சியியல் படிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு ஏற்கனவே பாடம் எடுத்திருந்தார். வேலைக்கார எறும்பைப் பக்கவாட்டில் பார்த்தால் முதுகு ஒரே வளைவாக வழுவழுன்னு போகும். ராணிக்கு அப்படி இல்லை. இறக்கையை அசைக்கும் தசை இருக்கிற இடம் என்பதால் நெஞ்சு பெரிசா மேடு தட்டியிருக்கும். இறக்கை உதிர்ந்த இடத்தில் தழும்பு தெரியும். குனிந்து பார்த்தேன். மேடு இருந்தது, தழும்பும் இருந்தது. பையில் இருந்த காலி மாத்திரை டப்பாவில் ராணியம்மா ஏறிவிட்டார்.

மழை விட்டதும் நம்ம ஊர்ல ஈசல் கிளம்புமே, அது கரையான். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பே இருக்காது. எறும்புக்கு முன்னிறக்கை பெரிசு, பின்னிறக்கை சிறிசு, இடுப்பு ஒல்லி. பறந்து போய்க் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை எறும்பு சீக்கிரமே செத்துப்போகும். பெண் எறும்பு இறங்கி, தன் இறக்கையைத் தானே ஒடித்துப் போட்டுவிட்டு இடம் தேடும். பெரும்பாலானவை பறவை வாயிலோ செருப்புக் காலடியிலோ முடிந்துவிடும்.

ரெண்டு நாள் கழித்து இன்னொன்று கிடைத்தது. முதலாவது முழுக்கக் கறுப்பு. இரண்டாவதுக்குக் காலும் நெஞ்சின் பின்பக்கமும் செம்பழுப்பு. சிவப்பாக இருந்தால் நோவபோராசென்சிஸ் என்று எங்கேயோ படித்த ஞாபகத்தில் சீட்டெழுதி ஒட்டிவிட்டேன். நண்பர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிறத்தை நம்பாதே, முடியைப் பார்" என்றார். பின்வயிறு முழுக்கப் பொன்னிற முடி நீளமாகப் படிந்து கிடந்தது. நோவபோராசென்சிஸ் என்றால் முடி குட்டையாக, வயிறு பளபளன்னு இருக்குமாம். ஆக, கறுப்பி பென்சில்வேனிகஸ் (1773லேயே பெயர் வெச்சாச்சு), சிவப்பி க்ரோமையோடிஸ். பழைய புத்தகங்களில் இதையே ஃபெருஜினியஸ் என்று போட்டிருப்பார்கள்.

வளர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சோதனைக்குழாய். அடியில் தண்ணீர், அதைத் தடுக்கப் பஞ்சு. நடுவில் ராணி. வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட வேண்டும். சாப்பாடு? ஒன்றுமே வேண்டாம்! இனி பறக்கத் தேவையில்லை அல்லவா, அந்த இறக்கைத் தசையையே கரைத்து உணவாக்கித்தான் முதல் ஈட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "திறந்து பார்க்காதே. மூணு வாரத்துக்கு ஒரு தடவை போதும்."

இதைத்தான் நான் செய்யவில்லை.

கறுப்பி என் மேஜை டிராயரில் இருந்தாள். காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு பார்வை, லேபிலிருந்து வந்ததும் ஒரு பார்வை. போன் வெளிச்சத்தில் போட்டோ வேறு. பத்து நாளில் ஏழெட்டு முட்டை. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ஏண்டி, இதுக்கா அவ்ளோ தூரம் போன? நம்ம வீட்டு அரிசி டப்பாவுல இல்லாததா?" என்றார். மறுநாள் முட்டை ரெண்டு குறைந்தது. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. தொந்தரவு அதிகமானால் ராணி முட்டையைத் தானே தின்றுவிடும். திரும்ப இட்டாள், திரும்பத் தின்றாள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை மடக்கிக்கொண்டு பஞ்சோரமாகக் கிடந்தாள்.

சிவப்பி பிழைத்ததற்கு என் பொறுப்பு காரணமில்லை. அவளை ஒரு பழைய சாக்ஸில் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, சம்மர் ப்ராஜெக்ட் நெருக்கடியில் சுத்தமாக மறந்துவிட்டேன். கறுப்பி போனபிறகுதான் ஞாபகம் வந்தது. நடுங்கிக்கொண்டே எடுத்துப் பார்த்தால், ராணியைச் சுற்றி அஞ்சு பொடியன்கள் (பொடியள்கள்? வேலைக்கார எறும்பு எல்லாம் பெண்தானே). பக்கத்தில் நாம எறும்பு முட்டை என்று சொல்வோமே, அந்தக் கூடுகள் ரெண்டு. அது முட்டையே இல்லை, கூட்டுப்புழு.

ரெண்டு ராணியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது, கறுப்பிக்கு வேறு கோளாறுகூட இருந்திருக்கலாம் என்றார் நண்பர். சரிதான். ஆனா டிராயரைத் திறந்த கை என்னுடையது.

அதற்கப்புறம் ஒழுங்கானேன். வாரம் ரெண்டு தடவை ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பழ ஈ. அவ்வளவுதான். அக்டோபரில் முட்டையிடுவதை நிறுத்தினாள். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினாலும் இந்த ஊர் எறும்புக்குக் குளிர்காலம் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. மூணு மாசத்துக்கு மேல் குளிரில் தூங்க வைத்தே ஆகணும். எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ்தான்!

"தோசை மாவுக்குப் பக்கத்துல எறும்பா? நீ வேற வீடு பாத்துக்கோ" என்றாள் ரூம்மேட். காய்கறித் தட்டின் மூலையில், மூடின டப்பாவில், 'ஊறுகாய் அல்ல' என்று எழுதி ஒட்டி, அந்த வாரப் பாத்திரம் முழுக்க நானே தேய்ப்பதாக உடன்படிக்கை போட்டபிறகு சம்மதித்தாள். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ராணி, அஞ்சு பேர், சில குட்டிப் புழுக்கள் எல்லாம் அசையாமல் கிடந்தன. மார்ச்சில் எடுத்து வைத்து அரைமணி நேரம் கழித்து ஒரு உணர்கொம்பு ஆடியது. ரூம்மேட்தான் முதலில் பார்த்து, "ஏய், உன் ஆளு எந்திரிச்சிருச்சு" என்று கத்தினாள்.

2025 மே. பட்டம் வாங்கினேன். எண்ணினால் ஒன்பது பேர். டெக்சஸில் வேலை. ஓபிடி அட்டை, தொண்ணூறு நாள் கணக்கு என்று என் காகிதங்களையே பிடித்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தபோது தெரிந்தது, எறும்பை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகவும் காகிதம் வேணுமாம். வேளாண் துறையின் பிபிக்யூ 526 அனுமதி. நல்ல சட்டம்தான், ஒரு ஊர்ப் பூச்சி இன்னொரு ஊர்க் காட்டுக்குள் போகக்கூடாது. பொறந்த ஊரிலேயே இருக்கட்டும் என்று நண்பரிடம் கொடுத்துவிட்டேன். இந்த ராணிகள் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும் என்கிறார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகும். பெருகுவதை நான் பார்க்கப்போவதில்லை.

கொடுக்கும்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை, "அடிக்கடி திறக்காதீங்க." அவர் சிரித்தார். சொன்னதே அவர்தானே.

அம்மா நான் வந்த புதுசில் தினம் மூணு தடவை போன் பண்ணுவார். சாப்பிட்டியா, தூங்கினியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு. எரிச்சலா எடுப்பேன். ஒரு கட்டத்தில் வாரம் ஒருமுறை ஆனது. பாசம் குறைஞ்சிடுச்சோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கேட்டே விட்டேன்.

"போனைக் கையிலதான் வெச்சிருப்பேன். நீ வேலையா இருப்பன்னு வெச்சுடுவேன்" என்றார்.

இப்பல்லாம் நானே கூப்பிடுகிறேன்.