சாக்பீஸ் கோடு

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு மனுஷனுக்கு வசதி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் ஜீப் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். கம்பெனி, மாடல் எல்லாம் கணக்கில்லை. மலை ஏறுகிற நாலு சக்கரம் எல்லாமே அங்கே ஜீப்தான். மாருதி ஜிப்ஸியும் ஜீப்தான்.

என் தாய்மாமாவிடம் இருப்பது 94 மாடல் ஜிப்ஸி, துணிக்கூரை போட்டது. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஏலம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி என்று ஒரு நிலம் வைத்திருக்கிறார். அவர் அதைத் தோட்டம் என்பார். அத்தையின் அகராதியில் அதற்குப் பெயர் கடன்.

ஒருநாள் போன். "மாப்ள, ஜிப்ஸியப் பின்னாடி வெட்டி பிக்கப்பா ஆக்கிப்புடலாம்னு இருக்கேன். நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பி.காம். என்பது வருமான வரியிலிருந்து பல் வலி வரைக்கும் தீர்வு சொல்லக்கூடிய படிப்பு. மறுக்க முடியாது. பஸ் ஏறினேன்.

மாமா பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏலக்காயைப் பறித்துப்போட்டு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பச்சைக்காய் சீக்கிரம் ஸ்டோருக்குப் போய் உலர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிறம் போச்சு, விலையும் போச்சு. காய்ந்து ஒரு கிலோ கிடைக்க, பச்சையாக ஏறக்குறைய ஐந்து கிலோ சுமக்கணும். அதாவது மாமாவின் வண்டி ஐந்தில் நாலு பங்கு தண்ணீரைத்தான் சுமக்கிறது! இவ்வளவு பாடும், ஏலத்தையே ஏலம் போடுகிற போடிக்கு நாலு மூட்டை கொண்டுவந்து சேர்க்க. ஜிப்ஸியின் பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, மேலே கூரைக் கம்பி. மூட்டையைத் தூக்கி உள்ளே திணிப்பதற்குள் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இலவம்பஞ்சு சீசனில் பார்க்கவே வேண்டாம். வண்டி பிள்ளைத்தாச்சி மாதிரி நகரும்.

வெல்டிங் பட்டறை அண்ணன் வந்து வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். தட்டினார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்து (பென்சில் இல்லை, சாக்பீஸ்தான்) முன் கதவுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு அங்கிட்டு இருக்கிறதெல்லாம் போயிரும்ணே."

அவ்வளவுதான் ஆபரேஷன். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துவிட்டது. கார் மாதிரி உடம்பும் எலும்பும் ஒன்றாக வார்த்த வண்டி இல்லை ஜிப்ஸி; அடியில் ஏணி மாதிரி சேஸிஸ், அதன்மேல் பாடி. இந்தியாவுக்கு 1985 டிசம்பரில் வந்த இந்த வண்டி, வெளிநாட்டில் சுசுகியின் எஸ்.ஜே.410. அதில் பிக்கப் ரகத்தைக் கம்பெனியே செய்து விற்றிருக்கிறது. ஆக மாமா ஒன்றும் உலகத்தில் இல்லாததைக் கேட்கவில்லை. முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவர், பின்னால் திறந்து மூடும் கதவு, தரைக்கு ஒரு செக்கர் பிளேட், கமான் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை. மூணு நாள் வேலை.

"பின்னாடி ஒரு அடி நீட்டிக்கிருவோம். ரெண்டு மூட்டை சேத்து ஏறும்" என்றார் மாமா. அண்ணன் முகம் மாறியது. பின் அச்சுக்கு அப்பால் எடை ஏற ஏற, முன்பக்கம் லேசாகும். சமதரையில் தெரியாது. குரங்கணி ஏற்றத்தில் முன் சக்கரம் தரையைச் சரியாகக் கவ்வாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்காமல் நேரே போகப் பார்க்கும். நேரே என்ன இருக்கிறது? பள்ளம்! முன் சக்கரம் தரையில் பிடிக்காவிட்டால் ஃபோர் வீல் கியர் போட்டும் பாதிப் பிரயோசனம்தான். மாமா அந்த ஒரு அடியை உடனே விட்டுக்கொடுத்தார்.

இந்த மலையில் சரக்கு இறக்குவது எல்லாக் காலத்திலும் பெரும்பாடுதான். வெள்ளைக்காரன் மூணாறு பக்கத்துத் தேயிலையைக் குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினான். குரங்கணிக்கு மேலே 'சென்ட்ரல்' என்று ஒரு கிராமம் இருக்கிறதே, நடுவழி ஸ்டேஷன் இருந்த இடம் அதுதான். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. ரயிலே இல்லாத ஊருக்கு சென்ட்ரல் என்று பெயர்... சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். பி.காம். அங்கேதான் வேலை செய்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ளது ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அடித்துச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது: மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

"ஒவ்வொண்ணுக்குமா?" என்று மாமா விரலை மடக்கினார். வெட்டினது ஒண்ணு, சுவர் ரெண்டு, பின்கதவு மூணு... கட்டை விரலுக்கு வந்ததும் கையை உதறினார். "மலைக்கு மேல எவன்டா ஆர்.சி. புக்கப் பாக்குறான்? காட்டுமாடா பாக்குது?"

காட்டுமாடு பார்க்காது. ஆனால் 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்போது வண்டியையே கொண்டுபோய் நிறுத்தணும். மாமா 2024-ல் நிறுத்தினார். அடுத்து 2029. "அதுக்குள்ள வண்டி இருக்குமோ நான் இருப்பனோ" என்று வாதத்தைத் தத்துவமாக முடித்தார்.

அதுவரை காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அத்தை கேட்டது ஒரே கேள்வி.

"மூட்டைய வக்கெ எடம் பண்ணிட்டீக. சாயங்காலம் காய் எடுத்துட்டு வர்ற பொம்பளையாளுக எங்க உக்காருவாக?"

யாரும் பதில் சொல்லவில்லை. தினமும் தோட்டத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் அந்தப் பெஞ்சில்தான் இறங்கி வருகிறார்கள். பெஞ்சு போய்விட்டால் அவர்கள் நடக்கப் போவதில்லை. மூட்டை மேல்தான் ஏறுவார்கள். கம்பியில்லாத, கூரையில்லாத வண்டியில், இருட்டுகிற நேரத்தில், கொண்டை ஊசி வளைவில். ஏறாதே என்று சொல்கிற மனசு மாமாவுக்கும் கிடையாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லும் 2004-லும் சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு வண்டிக்காரன் தலையில்தான் விடியும். இதை நான் சொன்னபோது மாமா அபராதத்துக்கு மடக்கிய விரலை மடக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி அவரோடு ஒண்ணாம் கிளாஸ் படித்தவள்.

இரண்டு சீட் வரிசையும் பின்னால் சரக்குத் தொட்டியுமாகக் கம்பெனியே செய்த பொலேரோ கேம்பர் இருக்கிறது. அதில் ஃபோர் வீல் உள்ளதும் வந்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா என்று மாமா தேனியில் நாலு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

போன வாரம் போன் செய்தேன். ஜிப்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது, முன்பக்கம் மூட்டை, பின்பக்கம் பெண்கள், மடியில் மிச்ச மூட்டை. பட்டறை அண்ணன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "என்னண்ணே, வெட்டிருவமா?" என்கிறாராம்.

"மழை விடட்டும்னு சொல்லியிருக்கேன் மாப்ள."

"கோடு இருக்கா மாமா?"

"ஒங்கத்தை அன்னைக்கே ஈரத்துணியப் போட்டுத் தொடச்சிட்டா."