கூரத்தில் சாத்திய கதவு

2022-ஆம் ஆண்டு ஒரு காலையில், சென்னையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கூகுளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. போன மாதம் அவள் போய்வந்த இடங்களின் பட்டியல் அது. அலுவலகம், தங்கியிருக்கும் விடுதி, இரண்டு ஓட்டல்கள். கடைசியாகக் காஞ்சிபுரத்தில் ஒரு கண் மருத்துவமனை.

அவள் அந்த மாதம் ஊர்ப்பக்கமே போகவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. புதுப் போன் வாங்கியபோது, பழையதைக் கூரத்தில் இருக்கும் அப்பாவிடம் கொடுத்திருந்தாள். சிம்மை மாற்றியவள், தன் ஜிமெயில் கணக்கை எடுக்க மறந்துவிட்டாள். இருப்பிட வரலாறு எப்போதோ ஆன் செய்தபடியே இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் இருந்த போன், அவர் போன இடங்களையெல்லாம் மகளின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது.

அவர் நெசவாளி. நாற்பது வருடமாகத் தறிக்குழியில் கால் வைத்திருப்பவர். தினமும் ராத்திரி போனில் பேசும்போது, "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அன்று ராத்திரி அவள் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டாள். "கண்ணுக்கு என்னப்பா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"உங்க போன்தான் சொல்லுச்சு."

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து வெளியே கிளம்பும்போது போனை மாடத்திலேயே விட்டுப்போனார். அவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தாள்.

கண்ணில் புரை. அறுந்த இழை தெரியவில்லை. விரலால் தடவித்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் அடுத்த பாவு கிடைக்காது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு. "நல்ல நாள் முடியட்டும், நானே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எட்டிப் பாத்துட்ட" என்றார். நோய் வந்ததைவிட, தன் வாயால் சொல்லும் உரிமை போனதுதான் அவருக்கு வலித்தது.

வேவு பார்க்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் விளைவு அதுதான்.

கூரத்துக்காரர்களுக்கு இந்த வலி புதிதல்ல. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. நாள் முழுக்க அன்னமிட்டு, இரவில் அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் சத்தம் காஞ்சி வரதரின் சந்நிதி வரை கேட்டதாம். தன் செல்வத்தின் சத்தம் அவ்வளவு தூரம் போனதில் கூசிப்போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவரங்கம் போனார் என்பார்கள். அவருக்காவது கதவு சத்தம் போடுவது தெரிந்தது. நம் சட்டைப்பையில் இருப்பது சத்தமில்லாமல் ஊர் முழுக்கச் சொல்கிறது.

போனுக்கு இடம் தெரிய செயற்கைக்கோள் மட்டும் தேவையில்லை. சுற்றிலும் உள்ள வைஃபை பெயர்களும் செல்போன் கோபுரங்களுமே போதும். 'இருப்பிட வரலாறு' அணைத்திருந்தாலும், வேறொரு அமைப்பின் வழியாகக் கூகுள் இடங்களைச் சேமிப்பதை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. அதையொட்டி 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது.

இங்கேயும் சட்டம் பேசியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மறைவு உண்டென்றால், பெற்ற அப்பாவுக்கு இல்லாமல் போகுமா?

அன்று மதியம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவள் தன் கணக்கை நீக்கி, அவர் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினாள். பிறகு அமைப்புகளில் 'இருப்பிடம்' என்ற பகுதியைத் திறந்து, ஒவ்வொரு செயலியாகப் படித்துக் காட்டினாள். டார்ச் செயலிக்கும் அனுமதி கொடுத்திருந்தது. "வெளிச்சம் போடறதுக்கு நான் எங்க இருக்கேன்னு எதுக்கு?" என்றார் அவர். அனுமதி பறந்தது. மேப்புக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்'. பஸ் பார்க்கும் செயலிக்குத் தோராயமான இடம் போதும். ஆண்ட்ராய்டில் 2019-லிருந்தும் 2021-லிருந்தும் வந்த இந்த வசதிகள், அவர் கையிலிருந்த போனில் யாரும் தொடாமலே கிடந்தன.

கடைசியில் அவள் தயங்கிக் கேட்டாள். "ராத்திரி பஸ்ல வர்றப்ப மட்டும் எனக்கு லொகேஷன் அனுப்பறீங்களாப்பா? ஒரு மணி நேரத்துல தானா நின்னுடும்."

அவர் யோசித்தார். "நான் அனுப்பறப்ப பாரு. அனுப்பலன்னா, கூப்பிட்டுக் கேளு" என்றார்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் போன் அடித்தது. "வர்ற வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. லீவு போட்டுட்டு வந்துடும்மா" என்றார், அவராகவே.